தெரியாத நம்பரில் இருந்து "வேலை" வந்தால்: யாழ்ப்பாணத்தில் வேலை தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன வருடம் பெப்ரவரியில் ஒரு நாள் பின்னேரம் மூன்று மணிபோல ஒரு கோல் வந்தது. "தங்கச்சி, நீங்கள் வேலை தேடுறீங்கள் எண்டு கேள்விப்பட்டம். நிதித் துறையில ஒரு நல்ல வாய்ப்பு இருக்கு. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரேலுமோ?" மரியாதையான குரல். என்னுடைய பெயர், படித்த பள்ளிக்கூடம், ஏ.எல். எடுத்த பிரிவு எல்லாம் அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதிலேயே பாதி நம்பிவிட்டேன்.

மே முடிவதற்குள் 68,000 ரூபா கட்டியிருந்தேன். அதில் பெரும்பகுதி அம்மாவின் காப்பை அடைவு வைத்து எடுத்த காசு. அலைந்து திரிந்து 40,000 ரூபாவைத் திரும்ப எடுத்தேன். மிச்சம் போனது போனதுதான். எனக்கு அப்போது யாராவது இதை வரிசைப்படி சொல்லியிருந்தால் முதல் கோலோடேயே முடிந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். என்னை ஏமாற்றிய நிறுவனத்தின் பெயரை என்னிடம் கேட்காதீர்கள். பெயர் மாறிக்கொண்டே இருக்கும், முறை மாறாது.

1. கோல் வந்த அந்த ஐந்து நிமிடம்

முதலில் ஒரு பேனையும் கடுதாசியும் எடுங்கள். நம்பர், நேரம், சொன்ன பெயர், சொன்ன நிறுவனம் ஆகியவற்றை எழுதிக்கொண்டே கதையுங்கள். பிறகு தேவைப்படும்.

உங்கள் விபரம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பயப்பட வேண்டாம். எனக்கு நடந்தது மிகச் சாதாரணம்: முகநூலில் ஒரு வேலைவாய்ப்புக் குழுவில் என்னுடைய சீ.வீ.யை போன் நம்பரோடு போட்டிருந்தேன். அதைப் பார்த்து எடுத்துவிட்டு "உங்களைத் தெரிவு செய்திருக்கிறம்" என்றார்கள்.

கேட்க வேண்டியது நான்கே கேள்வி.

"மாதச் சம்பளமோ, கமிஷனோ?" சம்பளம் என்றால் எவ்வளவு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்), ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) கட்டுவார்களா என்று உடனே கேளுங்கள். உண்மையான தொழில்கொள்வோர் உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, தன் பங்காக 12 சதவீதம் போட்டு ஈ.பி.எஃப். கட்ட வேண்டும்; ஈ.ரி.எஃப். 3 சதவீதம் முழுக்க அவருடையது. இந்தக் கேள்விக்கு மறுமுனையில் ஒரு சின்ன அமைதி விழுந்தால் அது உங்களுக்கான பதில்.

"நான் ஏதாவது காசு கட்ட வேணுமோ?" பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பொதி (பக்கேஜ்), மீளளிக்கும் வைப்பு என்று எந்தப் பெயரில் சொன்னாலும் காசு காசுதான். வேலை தருபவர் உங்களிடம் காசு கேட்கமாட்டார்.

"என்ன பொருளை விற்கிறீங்கள், ஆருக்கு?" ஒரே வசனத்தில் சொல்ல முடிய வேண்டும்.

"நிறுவனத்தின் முழுப் பெயரும் உரிமமும் என்ன?" இதை அடுத்த படிகளில் பார்ப்போம்.

"போனில விளங்கப்படுத்தேலாது, நேரில வாங்கோ" என்று நான்கு கேள்விக்கும் ஒரே பதில் வந்தால், "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிடுங்கள். நான் வைக்கவில்லை.

2. போய்த்தான் பார்க்க வேண்டும் என்றால்

வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் போவீர்கள். நானும் போனேன். போனால் மூன்று விடயம்: தனியாகப் போகாதீர்கள். வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, போக வரப் பஸ் காசு மட்டும் கொண்டு போங்கள். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்காதீர்கள்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு கடைக்கு மேல்மாடியில் மண்டபம். நாற்பது கதிரை போட்டிருந்தார்கள், முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பிறகுதான் தெரிந்தது, அதில் பாதிப் பேர் ஏற்கெனவே சேர்ந்தவர்கள், கைதட்டுவதற்காக இருந்தவர்கள். கோட் போட்ட ஒரு அண்ணை வந்து, தான் முந்தி ஓட்டோ ஓடியதையும் இப்போது கார் ஓடுவதையும் சொன்னார். இரண்டு மணித்தியாலத்தில் விற்கிற பொருளைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம் இருக்காது. "டிஜிட்டல் முதலீட்டுப் பயிற்சி" என்றார்கள். எதில் முதலீடு, யார் செய்கிறார்கள், இலாபம் எங்கே இருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் விடவில்லை.

தேநீருக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி தந்தார்கள். "உங்களுக்குத் தெரிந்த நூறு பேரின் பெயரை எழுதுங்கோ" என்றார்கள். கோடு போட்டு நான்கு நிரல்: பெயர், உறவு முறை, போன் நம்பர், நாடு.

அந்த நான்காவது நிரலைக் கவனியுங்கள். நான் 31 பெயர் எழுதினேன். என்னுடைய "மேலாளர்" அக்கா பக்கத்தில் வந்து இருந்து, சிவப்புப் பேனையால் கனடா, லண்டன், சுவிஸ் என்று இருந்த பெயர்களுக்கு மட்டும் சரி போட்டுக்கொண்டு போனார். கோண்டாவில் சித்தியின் பெயருக்கு மேலால் பேனை நிற்காமல் போனது. அவர்கள் வேலைக்கு எடுத்தது என்னை என்று நினைத்திருந்தேன். எடுத்தது என் சொந்தக்காரரை. நான் அவர்களின் வாசல் கேற்.

கொப்பி தந்தால் எழுதாதீர்கள். எழுதிவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. ஒரு சின்னக் கணக்கு

"நீங்கள் மூன்று பேரைச் சேர்த்தால் போதும், அந்த மூன்று பேர் மூன்று மூன்றாய்ச் சேர்ப்பினம்" என்று பலகையில் கீறிக் காட்டுவார்கள். மூன்று, ஒன்பது, இருபத்தேழு வரைக்கும்தான் கீறுவார்கள். அதற்குக் கீழே பலகையில் இடம் இல்லை என்பார்கள். நீங்கள் வீட்டுக்கு வந்து மிச்சத்தைக் கீறுங்கள். பன்னிரண்டாவது சுற்றில் மட்டும் 531,441 பேர் தேவை. யாழ்ப்பாண மாவட்டத்தில் தொட்டில் பிள்ளையில் இருந்து படுக்கையில் இருக்கிற கிழவர் வரை எல்லோரையும் சேர்த்தாலும் ஆறு இலட்சம் அளவுதான். பதின்மூன்றாவது சுற்றுக்குப் பதினைந்து இலட்சத்துக்கும் மேலே வேண்டும்.

எங்கள் ஊர்ச் சீட்டோடு இதை ஒப்பிடுவார்கள். "அம்மா சீட்டுப் பிடிக்கிறவதானே, அதுமாதிரித்தான்." அதுமாதிரி இல்லை. சீட்டில் இருபது பேர் என்றால் கடைசி வரை இருபது பேர்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை வரும். சீட்டிலும் ஏமாற்று நடக்கும், அது வேறு கதை. ஆனால் புதிதாக ஆள் வராவிட்டால் சீட்டு நின்றுபோவதில்லை.

4. உரிமம் பார்ப்பது எப்படி

இங்கேதான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள், நானும் உட்பட. அந்த மண்டபச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்கியது. நிறுவனப் பதிவாளர் கொடுத்த பதிவுச் சான்றிதழ், உண்மையானதுதான். "அரசாங்கத்தில பதிஞ்ச கொம்பனி" என்றார்கள். கொம்பனிச் சட்டத்தின்படி யாரும் ஒரு கொம்பனியைப் பதியலாம். அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் பஸ் ஓடலாமா? அதற்கு லைசன்ஸ் வேண்டும். மற்றவர்களின் காசை வாங்குவதற்கும் அப்படித்தான்.

வைப்பாகக் காசு வாங்குவதென்றால் இலங்கை மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் தமிழிலும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வைப்பு எடுப்பது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி குற்றம். உரிமம் உள்ள இடத்தில் வைத்த வைப்புக்கு ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. "உங்கட இடத்தில அந்தக் காப்புறுதி இருக்கோ?" என்று கேட்டுப் பாருங்கள்.

பங்கு, அலகு நம்பிக்கை நிதி என்று சொன்னால் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. காப்புறுதி என்றால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. இரண்டும் தங்களிடம் பதிந்தவர்களின் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கின்றன.

அடுத்து, தடைப் பட்டியல். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு (பேச்சில் 83சீ என்பார்கள்) பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது: சேர்பவர் காசு கட்ட வேண்டும், அவருக்கு வரும் பலன் பெரும்பாலும் புதிதாகச் சேரும் ஆட்களின் எண்ணிக்கையிலோ அவர்கள் கட்டும் காசிலோ தங்கியிருக்கும் என்றால் அது இதற்குள் வரும். மத்திய வங்கி விசாரித்து, அப்படி நடத்தியவை என்று தீர்மானித்த பெயர்களை வெளியிடுகிறது. 2023இல் வந்த பெயர்களில் எம்.ரி.எஃப்.ஈ., ஒன்மக்ஸ் டி.ரி. போன்றவை இருந்தன. கவனம்: அந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் சுத்தமான நிறுவனம் என்று அர்த்தமில்லை, இன்னும் அதைப் பற்றித் தீர்மானிக்கவில்லை என்றும் இருக்கலாம். என்னை அழைத்தவர்கள் இதையே திருப்பிப் போட்டு, "பாருங்கோ, எங்கட பெயர் லிஸ்ற்றில இல்லை" என்று போனில் எடுத்துக் காட்டினார்கள்.

சந்தேகம் என்றால் 1935. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். வேலை நாளில் எடுங்கள். தமிழில் கதைக்கலாம். இந்த ஒரு அழைப்பை நான் பெப்ரவரியில் எடுக்காமல் ஜூனில் எடுத்தேன்.

5. "இன்சூரன்ஸ் வேலைதானே" என்றால்

எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்ட முடியாது. பதிந்த காப்புறுதிக் கம்பனிகள் யாழ்ப்பாணத்தில் கிளை வைத்து முகவர்களைத் தேடுகின்றன. அது சட்டபூர்வமான தொழில், அதில் நன்றாக வாழ்பவர்களையும் தெரியும். ஆனால் "முகாமைத்துவப் பயிலுநர்" என்று கூப்பிட்டு, போய் இருந்த பிறகு முகவர் வேலை என்று சொல்வதுதான் பிழை. முகவருக்கு பெரும்பாலும் கமிஷன் மட்டுமே. இலக்கை எட்டாவிட்டால் மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. முகவராக வேலை செய்ய முன்னர் ஒரு பரீட்சை எழுத வேண்டும், கம்பனி பதிவு செய்ய வேண்டும். "பரீட்சை எல்லாம் பிறகு, முதலில ஐந்து பொலிசி கொண்டு வாங்கோ" என்றால் எழும்பிவிடுங்கள்.

இன்னொன்று. அந்த முதல் ஐந்து பொலிசி எப்போதும் அம்மா, அண்ணா, மாமி, பக்கத்து வீடு, நீங்கள். இலக்குக்காக எடுத்த பொலிசியை ஒரு வருடத்தில் நிறுத்தினால் கட்டிய காசில் பெரும்பாலும் ஒன்றும் திரும்பாது. மாமி அதை உங்களிடம்தான் கேட்பா, கம்பனியிடம் இல்லை.

6. கொடுக்கக் கூடாதவை

அடையாள அட்டையின் முன்பக்கம் பின்பக்கம் படம், அதைக் கையில் பிடித்தபடி உங்கள் முகம் தெரியும் படம், ஓ.ரி.பி., வங்கிச் செயலியின் கடவுச்சொல். இவற்றில் எதுவும் வேலை விண்ணப்பத்துக்குத் தேவையில்லை.

இவற்றை விட மோசமானது ஒன்று உண்டு: "உங்கட கணக்குக்குக் கொஞ்சக் காசு வரும், அதை இந்த நம்பருக்கு மாற்றி விடுங்கோ, ஐந்து வீதம் உங்களுக்கு." அது இன்னொரு ஏமாந்தவரின் காசு. பொலிஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு, முடக்கப்படுவது உங்கள் கணக்கு.

காசு கட்டியே தீருவேன் என்று நிற்பவருக்கு ஒரு கடைசித் தடை: பணம் போகும் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். என்னுடைய 3,000 ரூபா பதிவுக் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு தந்தார்கள். 65,000 ரூபாப் பொதிக்கு ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கைத் தந்தார்கள். "கொம்பனிக் கணக்கில இன்டைக்கு ஒரு பிரச்சினை" என்றார்கள். அந்தப் பிரச்சினை எல்லோருக்கும் எல்லா நாளும் இருந்தது.

7. கட்டிவிட்டீர்கள் என்றால்

வெட்கத்தில் ஒரு மாதத்தை விடுவதுதான் பெரிய நட்டம். நான் ஐந்து கிழமையை விட்டேன்.

அன்றைக்கே: உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். ஒன்லைனில் மாற்றிய காசு உடனே மற்றக் கணக்குக்குப் போய்விடும், அதை வங்கி தானாகத் திருப்பி எடுக்க முடியாது. ஆனாலும் அந்த முத்திரைக் கடுதாசி பிறகு எல்லா இடத்திலும் கேட்கப்படும். கடவுச்சொற்களை மாற்றுங்கள். அந்த வாட்ஸ்அப் குழுவில் இருந்து கோபத்தில் விலகாதீர்கள். முதலில் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். நான் விலகிய பிறகு குழுவின் ஆள் பட்டியலைப் பார்க்க முடியவில்லை, இன்னொரு பிள்ளையிடம் கெஞ்சி வாங்க வேண்டி வந்தது.

அந்தக் கிழமைக்குள்: ஒரு பைல் போடுங்கள். வங்கிப் பற்றுச்சீட்டு, கணக்குக் கூற்று, கோல் பதிவின் படங்கள், ஒப்பந்தம், துண்டுப் பிரசுரம், மண்டப வாசல் பலகையின் படம். முன்னால் ஒரு பக்கத்தில் திகதிவாரியாக நடந்ததை எழுதுங்கள். மூன்று பிரதி எடுங்கள்.

பிறகு உங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையம். முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை. தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் போங்கள். நான் முதல் முறை பின்னேரம் போய், நாளைக்கு வரச் சொன்னார்கள். ஒரே ஆளிடம் ஏமாந்த மூன்று பேர் சேர்ந்து போனபோது கதை வேறு மாதிரி இருந்தது.

அதே பைலின் ஒரு பிரதியை மத்திய வங்கிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்: இல. 30, ஜனாதிபதி மாவத்தை, கொழும்பு 01. கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. நேரில் கதைக்க விரும்பினால் ஒரு பஸ்தான். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்: மத்திய வங்கி திட்டத்தை விசாரிக்கும், உங்கள் காசை வாங்கித் தருவது அதன் வேலை இல்லை. கணக்கோ போனோ ஊடுருவப்பட்டிருந்தால் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) அமைப்பின் 101 நம்பருக்கு எடுங்கள்.

காசுக்கு எனக்கு வேலை செய்தது சட்டத்தரணி ஒருவர் அனுப்பிய கோரிக்கைக் கடிதம். 14 நாள் தவணை கொடுத்து, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் போட்டு, காசு போன கணக்கின் சொந்தக்காரருக்கு. அதற்கு 5,000 ரூபா. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பிரதி, தபால், பஸ் எல்லாமாக எனக்கு இன்னும் 2,800 ரூபா போனது. கடிதம் போய் ஒன்பதாவது நாள் 25,000, அடுத்த மாதம் 15,000 வந்தது. முதல் தவணை தரும்போது "முழுவதும் தீர்ந்தது, முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறேன்" என்று கையெழுத்துக் கேட்டார்கள். வைக்கவில்லை. "25,000 ரூபா பெற்றேன், மிகுதி 43,000" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இதற்கிடையில் உங்கள் மேலாளர் ஒரு குறுக்கு வழி சொல்லுவார்: "இன்னும் இரண்டு பேரைக் கொண்டு வந்தால் உங்கட காசு வந்திடும்." அங்கேதான் நீங்கள் ஏமாந்தவர் என்ற பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குப் போகிறீர்கள். 83இ பிரிவு திட்டத்தைத் தொடங்குபவரை மட்டும் பிடிப்பதில்லை. அதை ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் அதற்குள் அடக்கம்.

8. கொப்பியில் எழுதிய பெயர்கள்

பெயர் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இது கடைசிப் படி, கட்டாயமும் கூட. ஒவ்வொருவருக்கும் நீங்களே கோல் எடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம்: "என்ர பெயரைச் சொல்லி ஆரும் முதலீடு எண்டு கதைச்சால் நம்பாதேங்கோ, நான் அதில இல்லை." வாட்ஸ்அப்பில் குழுக்களில் சேர்க்கக்கூடியவர்கள் என்ற அமைப்பை "எனது தொடர்புகள்" என்று மாற்ற வயதானவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒரு நிமிட வேலை.

நான் கொப்பியில் எழுதிய மச்சாள்மார் இருவரில் ஒருவர் இப்போது என்னோடு கதைக்கிறா. மற்றவ என் பெயரைச் சொல்லி வந்த ஆளிடம் 30,000 ரூபா கட்டியவ. அவவோடு இன்னும் நேரம் எடுக்கும். 31ஆவது பெயர் சூரிச்சில் இருக்கிற பெரியப்பா. அவருக்கு இன்றைக்கும் மாதத்தில் ஒரு முறையாவது தெரியாத நம்பரில் இருந்து யாரோ ஒரு தங்கச்சி "வணக்கம் பெரியப்பா, சுகமா இருக்கிறீங்களோ?" என்று வாட்ஸ்அப் அனுப்புகிறாவாம்.